லினக்ஸ் மின்ட் 22: வேண்டாம் என்றால் விட்டுவிடும் இயங்குதளம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், ஓரளவு புதிய பிராசஸர் வேண்டும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் பலர் இப்போது விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் மின்ட் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள், பழைய மெஷினுக்கு ஏற்றது என்றுதான் பெரும்பாலும் சிபாரிசும் வருகிறது. அது உண்மைதான், 4 ஜிபி ரேம் இருந்தால் போதும். ஆனால் நான் மின்ட்டை வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. இதில் ஒரு விஷயத்தை வேண்டாம் என்று அணைத்தால், அடுத்த அப்டேட்டுக்குப் பிறகும் அது அணைந்தே இருக்கிறது.

இன்ஸ்டால் செய்யும்போதே இது தெரிந்துவிடும். ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு, அவ்வளவுதான். மின்னஞ்சல் முகவரி கேட்காது, நெட் இணைப்பு இல்லாமலே முழுவதையும் முடித்துவிடலாம். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில் செட்டப்பைத் தாண்டவே இணையமும் மைக்ரோசாப்ட் கணக்கும் வேண்டும், அதைச் சுற்றிக்கொண்டு போக மக்கள் பயன்படுத்திய வழிகளையும் 2025-இல் சோதனைப் பதிப்புகளில் ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்கினார்கள். டிஸ்க்கில் இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் என்கிரிப்ஷனையும் பாருங்கள்: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டால் அது பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகி, மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். மின்ட்டில் என்கிரிப்ஷன் வேண்டுமா என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்கும். மறந்துவிட்டால் டிஸ்க்கைத் திறக்க யாராலும் முடியாது, அதனால் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது தகவல் சேகரிப்பு விஷயத்தில்தான். விண்டோஸ் ஹோம், ப்ரோ இரண்டிலும் கூடுதல் டயக்னாஸ்டிக் தகவலை நிறுத்தலாம், "தேவையான" தகவல் என்று பெயர் வைத்ததை நிறுத்த முடியாது. எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் மட்டும் அதையும் முழுதாக நிறுத்த வழி உண்டு. ஒரு கம்பெனிக்குக் கொடுக்கிற உரிமையை வீட்டுக்குக் காசு கொடுத்து வாங்கியவருக்கு ஏன் கொடுக்கக்கூடாது? 2024 மே மாதம் அறிவித்த ரீகால் வசதியும் இப்படித்தான் வந்தது. சில நொடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்துச் சேமித்து வைக்கும் வசதி அது, பாதுகாப்பு ஆய்வாளர்கள் சத்தம் போட்ட பிறகுதான், பயனர் தானே ஆன் செய்தால் மட்டும் இயங்கும் என்று மாற்றினார்கள். மாற்றியது நல்லது. ஆனால் முதலில் எப்படி யோசித்தார்கள் என்பதை நான் மறக்கத் தயாரில்லை.

மின்ட் தன் பங்குக்கு உங்கள் பயன்பாட்டுத் தகவல் எதையும் வெளியே அனுப்புவதில்லை. ஒரு செயலி செத்துவிட்டால் அதன் விவரம் "சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்" என்ற இடத்தில் உங்கள் கணினியிலேயே இருக்கும், உதவி கேட்க வேண்டுமானால் நீங்கள் எடுத்துக் கொடுக்கலாம். நெட் இருக்கிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பார்க்கிற சின்ன வேலைக்குக்கூட பிரைவசி அமைப்பில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். அப்டேட்டும் அப்படியே: எந்தெந்தப் பொதி (பேக்கேஜ்), எந்தப் பதிப்பு, என்ன மாற்றம் என்று பட்டியல் வரும், வேண்டாததை ஒதுக்கலாம். கணினியைத் தன் இஷ்டத்துக்கு ரீஸ்டார்ட் செய்யாது. ஒன்று, பாதுகாப்பு அப்டேட்டுகளைப் போடும் பொறுப்பும் உங்களுடையதாகிவிடுகிறது, சோம்பேறித்தனம் உள்ளவர்கள் தானியங்கி அப்டேட்டையும், ஏதாவது கெட்டுப்போனால் சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிப்டையும் முதல் நாளே ஆன் செய்துவிடுங்கள்.

இந்தக் குழுவின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது 2020-இல். மின்ட், உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. அந்த உபுண்டுவில், குரோமியம் பிரவுசரை வழக்கமான இன்ஸ்டால் கருவியான ஆப்ட் வழியாகக் கேட்டால், கேட்ட பொதிக்குப் பதிலாக ஸ்னாப் என்ற வேறு வகைப் பொதி வந்து உட்காரும் ஏற்பாட்டைச் செய்தார்கள், அதுவும் உபுண்டுவை உருவாக்கும் கேனானிக்கல் நிறுவனம் மட்டுமே நடத்துகிற கடையிலிருந்து. மின்ட் 20-இல் அதைத் தடுத்தார்கள். எனக்குப் பிடித்தது தடுத்த விதம்: "நோஸ்னாப்" என்ற ஒரு சின்னக் கோப்பு, அதை நீக்கினால் ஸ்னாப் போட்டுக்கொள்ளலாம், எப்படி நீக்குவது என்று அவர்களே கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். தன் கருத்தைச் சொல்லிவிட்டுச் சாவியையும் கையில் கொடுக்கிறவர்களை நம்பலாம் என்று தோன்றியது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022-இல் மொசில்லாவோடு செய்துகொண்ட ஏற்பாட்டுக்குப் பிறகு மின்ட்டில் வரும் பயர்பாக்ஸ் மொசில்லாவின் இயல்பு அமைப்புகளோடு வருகிறது, அதாவது பயர்பாக்ஸின் தகவல் அனுப்பும் வசதி ஆன்-இல்தான் இருக்கும், தேடுபொறி கூகுள். அமைப்பில் போய் நிறுத்திவிடலாம், நிறுத்தினால் நிற்கிறது, ஆனால் தெரியாதவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். அப்புறம் 2016 பிப்ரவரியில் மின்ட்டின் தளத்தையே உடைத்து, 17.3 பதிப்பின் ஐஎஸ்ஓ என்ற இன்ஸ்டால் கோப்புக்குப் பதிலாகக் கள்ளக்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பு கொடுத்த சம்பவம் நடந்தது. குழு உடனே வெளிப்படையாக அறிவித்தது என்றாலும், டவுன்லோடு செய்தபின், கோப்பு அசலா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணையும் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்க்காமல் இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்களைப் போட்டுக்கொண்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் கிடைக்கும். விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சுக் கருவிக்குப் பழகிய கைக்கு முதலில் கொஞ்சம் தடுமாறும். பாமினியில் அடித்த பழைய கோப்புகள், எழுத்துருவை எடுத்துப் போட்டால் லிப்ரேஆபிஸில் திறக்கும். என் லேப்டாப்பின் கைரேகை சென்சார் மட்டும் வேலை செய்யவில்லை, அந்தச் சென்சாரைச் செய்தவர்கள் லினக்ஸுக்கு டிரைவரே தரவில்லை.

டேலியில் கணக்கு எழுதுபவர்கள், போட்டோஷாப்பை நம்பித் தொழில் செய்பவர்கள், வேலொரண்ட் விளையாடுபவர்கள் மாற வேண்டாம், அவை மின்ட்டில் ஒழுங்காக ஓடாது. விண்டோஸிலேயே இருந்தாக வேண்டியவர்கள் அமைப்புகளில் பிரைவசி பகுதிக்குப் போய்க் கூடுதல் டயக்னாஸ்டிக் தகவலையும் விளம்பர ஐடியையும் அணையுங்கள், ஒன்டிரைவ் உங்கள் டெஸ்க்டாப் கோப்புறையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறதா என்று பாருங்கள், பெரிய அப்டேட் ஒவ்வொன்றுக்கும் பிறகு இதையே இன்னொரு முறை பாருங்கள். மற்றவர்கள் ஒரு பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே பூட் செய்து பார்க்கலாம். வைஃபை, சவுண்டு, பிரின்டர் மூன்றும் அதில் வேலை செய்தால் இன்ஸ்டால் செய்த பிறகும் பெரும்பாலும் வேலை செய்யும்.