தனிப் படகில் தீவுப் பயணம் என்று விளம்பரம் பார்த்தால் பணம் கட்டிவிடாதீர்கள்

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குத் தனிப் படகு ஏற்பாடு செய்வதாகச் சமூக வலைத்தளத்தில் கடை விரித்திருக்கும் ஒரு பக்கத்தில் 24,000 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். நேற்றுதான் என் எண்ணை பிளாக் செய்தார்கள்.

மண்டபத்தில் விடிகாலையில் ஏறுவது, முயல் தீவு, மனோலித் தீவு பார்த்துவிட்டுக் கரையோரமாகவே கீழக்கரை வரை போவது, மதியம் தீவு மணலில் மீன் சாப்பாடு. இதுதான் திட்டம். யாருக்குத்தான் ஆசை வராது? பாம்பனில் தொடங்கித் தூத்துக்குடி வரை கரைக்குக் காவல் போல 21 தீவுகள். அதில் இரண்டு ஏற்கெனவே மூழ்கிவிட்டன.

அந்தப் பக்கத்தை நடத்துகிறவரிடம் அனுமதி இருக்கிறதா என்று கேட்டேன். முத்திரை குத்திய ஒரு தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அதைவிட, அம்மாவும் வருகிறார் என்றதும் அவர் பேசியதுதான் என்னை நம்ப வைத்தது. "வயசானவங்களா சார்? ஏறுறதுக்கு ஏணி போடச் சொல்றேன். பிரஷர் மாத்திரை போடுறாங்களா? சாப்பாட்டுல உப்பு கம்மியா போடச் சொல்லிடுறேன்." சொந்தத் தம்பி கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான். "சீசன் சார், முழுசா கட்டினாத்தான் படகு நிக்கும்" என்றார். அன்றிரவே யுபிஐயில் மொத்தமும் போனது, 24,000.

சொன்ன நாளில் மண்டபம் போனால் கரையில் படகும் இல்லை, ஆளும் இல்லை. அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் போனை வாங்கி, அந்தப் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இது யாரோ வள்ளத்தோட பதிவுச் சீட்டுல்ல தம்பி! தீவுல இறங்க வனத்துறை விடாது. அதுவும் கச்சான் அடிக்கிற மாசத்துல தென்கடல்ல உங்கம்மாவ ஏத்திக்கிட்டு எவன் போவான்?" கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று, தென்கடல் என்றால் இந்த மன்னார் வளைகுடாப் பக்கம். 1986இலேயே அந்தத் தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். அங்கே அடுப்பு மூட்டி மீன் வறுப்பார்களாம்!

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் எஞ்சின் ரிப்பேர். பிறகு கணக்குப் பிள்ளை ஊருக்குப் போயிருக்கிறார். பிறகு "ரீஃபண்ட் போட்டாச்சு சார்" என்று ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் இருந்த எண்ணை வங்கியில் காட்டினால் அப்படி ஒரு பரிவர்த்தனையே கிடையாது. கடைசியாக ஒரு பெண் பேசினார்: வானிலை காரணமாக ரத்து, வானிலை என்றால் பணம் திரும்பாது, விதிமுறையில் இருக்கிறது. அப்போ அந்த எஞ்சின் ரிப்பேர் என்ன ஆச்சு மேடம் என்று கேட்டேன். லைன் கட்.

அந்தப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நேற்றுகூடப் புதிய வீடியோ. தண்ணீர் நிறத்தையும் குடில்களையும் பார்த்தால் மாலத்தீவு மாதிரி இருக்கிறது, மண்டபம் என்று போட்டிருக்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. தீவில் இறக்கிவிடுகிறோம், சமைத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் போனை வையுங்கள். முழுப் பணத்தை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். தீவு பார்த்தே ஆக வேண்டும் என்றால் பாம்பன் பக்கம் குந்துக்காலில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது, காற்று எப்படி என்று விசாரித்துவிட்டுப் போங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போடுங்கள். நான் ரீஃபண்டுக்குக் காத்திருந்த நாட்களில் அந்தக் கணக்கையே காலி செய்துவிட்டார்களாம்.

புகார் எண் வந்திருக்கிறது. 24,000 வரவில்லை.