கூவக் கரையா, பெரும்பாக்கமா?

சென்னையில் கூவம் ஆற்றங்கரைக் குடிசையில் வாழும் குடும்பத்துக்கும், அங்கிருந்து நகரின் தெற்குப் புறநகரான பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பத்துக்கும் இடையே உடல்நலத்தில் யாருக்கு ஆதாயம் என்ற கேள்விக்கு, கான்கிரீட் கூரையை மட்டும் பார்த்து விடை கூறிவிட முடியாது.

கரையில் கொசு, எலி, சாக்கடை ஆகியவற்றோடு வெள்ளமும் உண்டு. 2015 டிசம்பரில் ஆற்றோரக் குடிசைகள் நீரில் மூழ்கின. எலியின் சிறுநீர் கலந்த அத்தகைய நீரில் வெறுங்காலோடு நடப்பவர்களை எலிக்காய்ச்சல் தாக்கக்கூடும். ஆயினும் பெரிய அரசு மருத்துவமனைகளும், வேலை தரும் வீடுகளும் கடைகளும் அருகிலேயே இருக்கின்றன.

பெரும்பாக்கத்தில் வீட்டுக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறது. கரையில் கழிப்பறையின்றி இருட்டும்வரை அடக்கிவைத்துச் சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகும் பெண்களுக்கு இது சிறிய மாற்றம் அன்று. ஆனால் தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடிகள் கொண்ட கட்டடத்தில் மின்தூக்கி நின்றுவிட்டால், மூட்டுவலியுள்ள முதியவர் மருந்து வாங்கக்கூட இறங்க முடியாது. நகருக்குள் வேலைக்குச் செல்பவர் நாள்தோறும் பல மணி நேரத்தைப் பேருந்தில் இழக்கிறார். வேலையையே விட்டவரின் வீட்டில் முதலில் குறைவது பாலும் முட்டையும்தான். (பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதி என்பதால், வெள்ளம் இங்கும் விடுவதில்லை.)

தொற்றுநோயை மட்டும் கணக்கிட்டால் பெரும்பாக்கமே மேல். நீரிழிவு, காசநோய் போல மாதக்கணக்கில் மருத்துவமனைக்குச் சென்றுவர வேண்டிய நோயாளிக்குப் பழைய இடமே வசதி. 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் ஆரம்ப ஆண்டுகளில் பல இடங்களில் செய்ததுபோல், பாதுகாப்பான இடங்களிலாவது அதே பகுதியிலேயே மாடி வீடு கட்டித் தருவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.