பிஎஸ்எல்இ டூட்டிக்கு வாங்கிய கறுப்புச் சப்பாத்து: காய்ந்த தரையில் தங்கம், ஈரத்தில் தொல்லை

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கு மேற்பார்வை டூட்டி பார்க்கும் பள்ளிக்காரர்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது 40 வெள்ளி சொச்சத்துக்குக் கிடைக்கும் சாதாரணக் கறுப்புச் சப்பாத்து, அவ்வளவுதான். தோ பாயோவில் ஒரு சின்னக் கடையில் வாங்கினேன். கயிறு கட்டும் வேலையில்லை, மேலே துணி, அடியில் மெத்தென்ற ரப்பர்.

தேர்வுக்கும் சப்பாத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஒரு தாளுக்காவது மேற்பார்வைக்கு நின்று பார்க்கவேண்டும். ஆங்கிலம் இரண்டாம் தாள் 1 மணி 50 நிமிடம், அறிவியல் 1 மணி 45 நிமிடம், அதற்கு முன்னால் தாள்களை எண்ணிக் கொடுக்கும் நேரம், பின்னால் எண்ணி வாங்கும் நேரம் வேறு. கைப்பேசி கூடாது, நோட்டுப் புத்தகம் திருத்தக்கூடாது, உட்கார்ந்துவிடவும் முடியாது. கூடுதல் நேரம் வாங்கிய பிள்ளைகளின் அறை கிடைத்தால் மற்றவர்கள் கேண்டீனில் கோப்பி குடிக்கும்போதும் நாம் நின்றுகொண்டிருப்போம். நடந்துகொண்டே இருக்கவேண்டும், ஆனால் நடக்கிற சத்தம் யாருக்கும் கேட்கக்கூடாது, இதுதான் சிக்கல்.

போன வருடம் வரை போட்ட குதிகால் சப்பாத்தில் நான் வரிசைக்குள் நுழைந்தாலே இரண்டு மூன்று தலைகள் நிமிரும், ஒரு பையன் விடைத்தாளைக் கையால் மூடிக்கொள்வான். இதில் அந்தப் பிரச்சினை சுத்தமாகப் போய்விட்டது. தமிழ் முதல் தாள் 50 நிமிடமும் அகராதி புரட்டுகிற சத்தம்தான் கேட்டது. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே சத்தமில்லை, என் நிழல் தாளில் விழுந்த பிறகுதான் ஒரு சிறுமி ஆளைக் கவனித்து, திடுக்கிட்டுப் பேனாவைக் கீழே போட்டாள். அதன்பிறகு பின்பக்கமாகப் போவதை விட்டுவிட்டு முன்பக்கமாகவே வருகிறேன்.

கால்வலி விஷயத்தில் முழு மதிப்பெண். ஆகஸ்ட் வாய்மொழித் தேர்வில் எனக்குக் கிடைத்த வேலை பிள்ளைகளைக் காத்திருக்கும் அறையிலிருந்து தேர்வறைக்கு அழைத்துப் போவது, அதாவது மத்தியானம் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குவது. வீட்டுக்குப் போய்க் காலை வெந்நீரில் வைக்கவேண்டிய அவசியம் வரவில்லை.

சரி, குறைக்கு வருவோம். மழை. நம் பள்ளிகளில் நடைபாதை எல்லாம் திறந்தவெளி, சாரல் அடித்தால் தரை நனைந்துவிடும், அந்த ஈரத்தோடு வகுப்பறைக்குள் வந்தால் அடிக்கு ஒரு ‘கீச்’. செப்டம்பரில் கேட்டல் கருத்தறிதல் (ஒலிப்பதிவைக் கேட்டு விடையளிக்கும் தேர்வு) அன்று புல்வெட்டுபவரைக்கூட வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், அப்படிப்பட்ட அமைதியில் இந்தச் சத்தத்தை யோசித்துப் பாருங்கள். ஒலிப்பதிவு முடியும் வரை கதவோரம் அசையாமல் நின்றேன். கடையில் போய்க் கேட்டால், புதுசு அப்படித்தான், போடப் போடச் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியை சொன்னபடி பழைய துண்டு ஒன்றை வாசலில் போட்டு அடிப்பாகத்தை நன்றாகத் துடைத்துவிட்டு நுழைகிறேன், அது உதவுகிறது.

2023இலிருந்து அரையாண்டுத் தேர்வுகளே இல்லையே, வருடத்தில் இரண்டு மூன்று மாதத்துக்காக ஒரு சப்பாத்தா என்று என் வீட்டுக்காரரும் கேட்டார். நான் இதை ரிசஸ் (இடைவேளை) டூட்டிக்கும் போடுகிறேன், அதனால் காசு வீணில்லை. தேர்வுக்கு மட்டும் என்றால், மழையை நினைத்து யோசித்து வாங்குங்கள்.

வாங்கினால் அரை சைஸ் பெரிதாக எடுங்கள், மதியத்துக்கு மேல் கால் வீங்கும். மெல்லிய காலுறையும் போடுங்கள், இல்லையென்றால் அந்தத் துணி ஒரே வாரத்தில் நாற ஆரம்பித்துவிடும். ஆண்கள் அளவு அங்கே இல்லை, எங்கள் பள்ளி சார் ஒருவர் கேட்டுவிட்டு வெறுங்கையோடுதான் திரும்பினார்.