பழைய சீபாவ்: உடுத்த வாங்குவதும் பெட்டியில் வைக்க வாங்குவதும்

பழைய சீபாவ் (சீனப் பெண்களின் உயர்கழுத்து நீள உடை; சிங்கப்பூர், மலேசியாவில் சியோங்சாம்) கைக்கு வந்ததும் பூவேலையில் மயங்க வேண்டாம். உள்பக்கத்தைத் திருப்புங்கள். எந்தக் காலத்துத் தையல், இன்னும் உடுத்தத் தாங்குமா என்பதற்கெல்லாம் பதில் அங்கேதான். ‘1930 ஷாங்காய்’ என்று விலை ஏற்றி விற்கப்படும் உடையைத் திருப்பினால், 1960களின் ஹாங்காங் தையல் பல்லிளிப்பது சகஜம்.

ஷாங்காய்ப் பாணியில் தோளில் தையலே இருக்காது. முன், பின், கை எல்லாம் ஒரே துணியில் தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். மார்பில் டாட் (உடல் வளைவுக்காகப் பிடிக்கும் தையல் மடிப்பு) கிடையாது, ஜிப் அரிது. வலப்பக்கத்தை மூடுவது டிச் பட்டன்களும் துணி முடிச்சுப் பொத்தான்களும்தான். 1949ஐ ஒட்டி ஷாங்காய் தையற்காரர்கள் பலர் ஹாங்காங் போனார்கள். 1950களில் அங்கே மேற்கத்திய வெட்டு கலந்தது: மார்புக்கும் இடுப்புக்கும் டாட், தனியாக வைத்துத் தைத்த கை, பக்கவாட்டில் உலோக ஜிப். நைலான் ஜிப் இருந்தால் உடை பிந்தியது, அல்லது ஜிப் மாற்றப்பட்டது. ஓரத்தில் பழைய ஊசித் துளை வரிசை தெரிந்தால் மாற்றியதுதான். அதற்காக உடையை ஒதுக்க வேண்டியதில்லை.

உடுத்துவதற்கு 1960களின் ஹாங்காங் புரோக்கேடு (பூவேலை நெய்த கனத்த துணி) உடைதான் சரி. ‘பிரிட்டிஷ் ஹாங்காங்’ லேபிளோடு ஏற்றுமதிக்குத் தைத்த ரெடிமேட் உடைகளைச் சேகரிப்பாளர்கள் மட்டமாகப் பேசுவார்கள். ஆனால் விருந்துக்குப் போய்வர அவை நன்றாக உழைக்கும். 1930களின் பட்டு உடையை உடுத்திக்கொண்டு நாற்காலியில் உட்காருவதே ஆபத்து. அக்காலப் பட்டுகளில் சிலவற்றுக்கு எடை கூட்ட வெள்ளீய உப்பு ஏற்றினார்கள். அந்த உப்பே நாளடைவில் இழையை அரித்து, துணி நீளவாக்கில் வெடிக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மெல்லிய கீறல்கள் வரிசையாகத் தெரிந்தால் எந்த ரிப்பேரும் பலிக்காது.

சைஸ் எண்ணை நம்பாதீர்கள். உடையைத் தட்டையாக விரித்து அளந்து இரட்டிக்க வேண்டும். மார்பிலும் இடுப்பெலும்புச் சுற்றிலும் உடல் அளவைவிட 4 முதல் 5 செ.மீ. கூடுதலாக இருந்தால்தான் உட்கார முடியும். கழுத்துக்கு 1.5 முதல் 2 செ.மீ. போதும். முடிவு செய்ய வேண்டியது கழுத்தை வைத்துத்தான். இடுப்பு பிடித்தால், உள்ளே துணி விட்டிருக்கும் பட்சத்தில் பிரித்துவிடலாம் (சாட்டினில் பழைய தையல் தடம் மட்டும் மறையாது). கழுத்துப் பட்டையைப் பிரித்தால் அதன் வடிவமே போய்விடும். டாட் இல்லாத பழைய வெட்டில் அக்குளருகே மடிப்பு விழுவது வெட்டின் இயல்பு, குறை அல்ல. அதைச் சரிசெய்கிறேன் என்று டாட் பிடித்தால் உடையின் மதிப்பு அத்தோடு காலி.

முதலில் கிழிவது ஸ்லிட்டின் (பக்கவாட்டுத் திறப்பின்) உச்சி. படியேறும்போது இழுவிசை முழுவதும் அந்த ஒரு புள்ளியில்தான் விழுகிறது. கிழியும்வரை காத்திராமல், 2 செ.மீ. சதுரப் பட்டுத் துண்டை உள்ளே வைத்துக் கைத்தையல் போட்டுவிடுங்கள். அடுத்தது அக்குள்: வியர்வை பட்டுத் துணியை இற்றுப்போகச் செய்யும். கழற்றக்கூடிய பருத்தி வியர்வைப் பட்டை வைப்பதே வழி.

துவைப்பதில்தான் நல்ல உடைகள் அதிகம் பாழாகின்றன. பைப்பிங்கின் (ஓரத்தில் வைத்துத் தைத்த மெல்லிய துணிப் பட்டியின்) சாயம் உடம்புத் துணியில் இறங்கும். கழுத்துப் பட்டைக்குள் கஞ்சி ஊட்டிய துணியோ காகிதமோ இருந்தால் ஊறிக் கூழாகும். ஈரமான வெள்ளைப் பஞ்சைப் பைப்பிங்கின் உள்மடிப்பில் ஒற்றுங்கள். நிறம் ஒட்டினால் தண்ணீர் காட்டாதீர்கள். 1930களின் ஜிகினாக்களில் ஜெலட்டினால் செய்தவை உண்டு, அவை நீரில் கரைந்தே போகும்.

தென்சீனாவின் குவாங்டோங்கில் செய்யும் சேற்றுப்பட்டு தனி ரகம். கிழங்குச் சாற்றில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து, பிறகு இரும்புச்சத்துள்ள ஆற்றுச் சேறு பூசியது. முகம் பளபளக்கும் கறுப்பு, பின்புறம் பழுப்பு. கோடைக்கு இதை மிஞ்ச ஒன்றில்லை. மடித்து வைத்தால் மட்டும் மடிப்புக் கோட்டில் கறுப்பு உதிர்ந்து பழுப்பு தெரியும். சுருட்டி வையுங்கள்.

வடிவமைப்பாளர் உடைகளில், ஹாங்காங் தொழிலதிபர் டேவிட் டாங் 1994இல் தொடங்கிய ஷாங்காய் டாங் நிறுவனத்தின் பழைய பட்டு சீபாவ்கள் இன்றும் மறுவிற்பனையில் கிடைக்கின்றன. சிங்கப்பூரின் ஓங் சண்முகம் நிறுவனம் வேறு பாதை: பாத்திக் போன்ற ஆசியத் துணிகளில் சியோங்சாமை இன்றைய அன்றாட உடையாக்கியது. பெயரில் அதை நிறுவியவரின் தாயின் சீனக் குடும்பப் பெயரும் தந்தையின் தமிழ்ப் பெயரும் இருக்கின்றன. அடிக்கடி உடுத்த நினைப்பவர் பழசைத் தேடுவதைவிட இப்படி ஒன்று வாங்குவது புத்திசாலித்தனம்.

பூச்சிக்கு நாப்தலின் உருண்டை வேண்டாம். பிளாஸ்டிக் ஜிகினாவை அது இளக்கிவிடும். உடையை அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, -18 டிகிரியில் இரண்டு வாரம் உறையவைக்கலாம். மணி, ஜிகினா வைத்தவற்றுக்கு இது ஆகாது. வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த பட்டில் ஈரம் படிந்து கறையாகிவிடும்.