வார்மரில் தொங்கும் சில்வர்மன் அட்டை: எங்கே நம்பலாம், எங்கே கூடாது

பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் வார்மர் (குழந்தையைச் சூடாக வைக்கும் படுக்கை) ஓரத்தில் தொங்குமே, அந்த லேமினேட் செய்த சில்வர்மன்–ஆண்டர்சன் அட்டையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். குழந்தை மூச்சுவிட எவ்வளவு திணறுகிறது என்று பார்த்தே மதிப்பெண் போட 1956-இல் வந்த முறை. பிளக் வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

ஐந்து வரிசை, ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மேல்நெஞ்சும் வயிறும் சேர்ந்து எழுந்தால் 0, நெஞ்சு பின்தங்கினால் 1, வயிறு ஏற நெஞ்சு இறங்கினால் 2. அடுத்து விலா இடுக்கு உள்வாங்குவது, நெஞ்செலும்பின் கீழ்நுனி குழிவது, மூக்குத்துளை விரிவது. கடைசியாக முனகல்: ஸ்டெதஸ்கோப்பில் மட்டும் கேட்டால் 1, வெறும் காதிலேயே கேட்டால் 2. கூட்டினால் 1–3 லேசு, 4–6 நடுத்தரம், 7-உம் அதற்கு மேலும் கடுமை. 4 வந்துவிட்டால் சிபாப் (மூக்கு வழியாகத் தொடர் அழுத்தத்தில் காற்று தரும் கருவி) பற்றி உடனே மருத்துவரிடம் பேச வேண்டும்.

பிறந்தவுடன் குழந்தையின் நிலைக்குப் போடும் அப்கார் மதிப்பெண்ணில் பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். அங்கே 10 நல்லது, இங்கே 0 நல்லது. இதைத் தலைப்பிலேயே பெரிதாக அச்சிடாத அட்டையை வாங்காதீர்கள்.

பெரிய குறை, மூச்சு எண்ணிக்கைக்கு இடமே இல்லாதது. அதைத் தனியாக எண்ண வேண்டும்: தொடுவதற்கு முன், அழாதபோது, முழு 60 நொடி. சில நொடி நின்று, பிறகு விரைந்து மூச்சுவிடுவது இந்தக் குழந்தைகளின் இயல்பு; 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி எண்ணுங்கள். நிறைமாதக் குழந்தைக்கு, மூச்சுத்திணறலை அளக்கும் இன்னொரு முறையான டவுன்ஸ் அட்டையே மேல். மூச்சு வேகம், நீலம்பாய்தல், காற்று நுழையும் ஒலி மூன்றும் அதில் உண்டு.

அதைவிட ஆபத்தான குறை ஒன்று. களைத்துப்போன குழந்தை முனகவும் நெஞ்சை இழுக்கவும் தெம்பில்லாமல் விட்டுவிடும். மதிப்பெண் 7-லிருந்து 3-க்கு இறங்கும். அட்டையைப் பார்த்தால் தேறிவிட்டது போலிருக்கும். எண் குறையும்போது துடிப்பும் நிறமும் சேர்ந்து தேறினவா என்று பாருங்கள். மூச்சு 20 நொடி நின்றாலோ, இதயத்துடிப்பு இறங்கினாலோ அது தேறுதல் அல்ல. சிபாப் முனை மூக்கில் இருந்தால் மூக்குத்துளை வரிசையைச் சரியாகப் பார்க்க முடியாது; எண்ணுக்குப் பக்கத்தில் அதையும் எழுதிவையுங்கள்.

துணைக்கு, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைத் தோல் வழியே காட்டும் ஆக்ஸிமீட்டர் அவசியம். பெரியவர்களின் விரல் கிளிப் உதவாது. சுற்றிக்கட்டும் சென்சாரை வலது கையில், ஒளிவிடும் பக்கமும் உணரும் பக்கமும் நேருக்கு நேர் வருமாறு கட்டுங்கள். போட்டோதெரபி (மஞ்சள்காமாலைக்கான ஒளி சிகிச்சை) விளக்கு படாமல் துணியால் மூடுங்கள். திரையில் ஓடும் துடிப்பும் ஸ்டெதஸ்கோப்பில் எண்ணிய துடிப்பும் ஒத்துவராவிட்டால் அந்த ஆக்சிஜன் எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்கு 90–95 சதவீதம் போதும். 98, 99 காட்டுகிறதே என்று மகிழ வேண்டாம். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை இந்தக் கருவியால் சொல்ல முடியாது; மிஞ்சினால் விழித்திரைதான் பாதிக்கப்படும்.

அட்டையை நகலுக்கு நகல் எடுத்தால் படங்கள் கறுத்து, குழிவும் நிழலும் ஒன்றாகிவிடும். மூலக் கோப்பிலிருந்தே அச்சிட்டு, பளபளப்பில்லாத லேமினேஷன் போடுங்கள். வார்மர் விளக்கடியில் மற்றது கண்ணைக் கூசவைக்கும்.