ஐ7 என்று சொல்லி விற்ற பழைய லேப்டாப்: மனைத் தொழிலில் இருப்பவர்கள் கவனத்துக்கு

சென்னையில் பழைய லேப்டாப், அதாவது கடைக்காரர்கள் 'ரீஃபர்பிஷ்டு' என்று சொல்லி விற்கும் சரக்கை வாங்கப் போகிற ரியல் எஸ்டேட் நண்பர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என்னிடம் 28,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, 8-ஆவது ஜெனரேஷன், அதாவது இன்டெல் சிப்பின் எட்டாவது தலைமுறை என்று சொல்லி 6-ஆவது ஜெனரேஷன் மெஷினைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். பணத்தை விடுங்கள். அதில் போட்டுக் கொடுத்த திருட்டு விண்டோஸால் என்னை நம்பி வந்த பார்ட்டிகளின் ஆதார், பான், பத்திர நகல் எல்லாமே பாதுகாப்பில்லாமல் கிடந்திருக்கின்றன. எனக்கு ஆத்திரம் அதில்தான்.

நான் கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் பக்கம் மனையும் தனி வீடும் முடித்துக் கொடுக்கிறேன். பார்ட்டிகளில் பாதிப் பேர் வளைகுடாவில் இருப்பவர்கள். சைட்டுக்கு வருவது மனைவியோ மாமனாரோதான். பணம் போடுகிறவர் வீடியோ காலில் இருப்பார். அவருக்கு லேஅவுட் பிளான், வில்லங்கம், பட்டா, எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் (சர்வே நம்பரின் அளவு வரைபடம்) எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து காட்ட வேண்டும். கூகுள் எர்த்தில் இடத்தைக் காட்டிவிட்டு, அதே மூச்சில் தாய்ப்பத்திரத்தில் நான்கெல்லை எழுதிய பக்கத்துக்குப் போக வேண்டும். போனில் இந்த வேலை நடக்காது. இதற்குத்தான் லேப்டாப் தேடினேன். கடையிலும் இதை அப்படியே சொன்னேன். எந்நேரமும் ஆபீசில் உட்கார மாட்டேன், சைட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவேன், பேட்டரி நிற்க வேண்டும் என்று தெளிவாகவே சொன்னேன்.

"அப்போ உங்களுக்கு ஐ7 தான் சார். ஐ5 எல்லாம் உங்க வேலைக்குத் தாங்காது" என்றார் கடைப் பையன். டெல் ஒன்றை எடுத்து வைத்தார். விசைப்பலகைக்குக் கீழே ஐ7, 8-ஆவது ஜெனரேஷன் என்று பளிச்சென்று ஸ்டிக்கர். 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, ஒரு வருட வாரண்டி என்றார். முந்தின நாள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விவரத்திலும் இதே வரிகள்தான். பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில் வேணும்னா 18 பர்சென்ட் கூட வரும் சார். எஸ்டிமேட் தர்றேன், வாரண்டிக்கு அதுவே போதும்" என்றார்கள். கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் கடைப் பெயர் இருந்தது, தொகை இருந்தது, 'ஐ7 லேப்டாப் 1' என்று இருந்தது. ஜிஎஸ்டி எண் கிடையாது. மெஷினின் சீரியல் நம்பரும் கிடையாது. நம் தொழில் பாஷையில் சொன்னால், சர்வே நம்பர் எழுதாமல் கிரயப் பத்திரம் போட்டுக் கொடுத்த மாதிரி.

முதல் சில வாரம் ஓடியது. மெதுவாகத்தான் இருந்தது, ஆனாலும் ஓடியது. அப்புறம் ஒருநாள் மஸ்கட் பார்ட்டிக்காக ஒரு டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகார லேஅவுட்டுக்குப் போனோம். மத்தியான வெயில். அந்த அம்மாவும் அவர் அப்பாவும் கூட நிற்கிறார்கள், கணவர் வீடியோ காலில் இருக்கிறார். திரையைத் திறந்தால் எங்கள் முகம்தான் அதில் தெரிகிறது, பிளான் தெரியவில்லை. பிரைட்னஸ் முழுதாக வைத்தும் அப்படித்தான். சரி என்று காரின் பின்சீட்டில் உட்கார்ந்து காட்டத் தொடங்கினேன். பேட்டரி 46 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணைந்தது. திரும்ப எழவே இல்லை. கார்னர் மனைக்கும் பக்கத்து மனைக்கும் அளவு வித்தியாசத்தை அவர் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. "பரவாயில்லைங்க, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று மரியாதையாகவே சொன்னார். அந்த இன்னொரு நாள் வரவில்லை. வேறு ஒருவர் மூலமாக வேறு லேஅவுட்டில் டோக்கன் அட்வான்ஸ் போட்டுவிட்டார் என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

அதே வாரத்தில் திரையின் ஓரத்தில் 'விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்' என்று எழுத்து வந்து நின்றது. ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். ஸ்டிக்கரை அவர் பார்க்கவே இல்லை. விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைக் காட்டினார். ஐ7-6600யு என்று இருந்தது. "தம்பி, கோடுக்கு அப்புறம் வர்ற முதல் நம்பர் ஆறு. அதான் ஜெனரேஷன். இது 2015-ல வந்த சிப். ரெண்டே கோர்" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலையே இங்கேதான் நடக்கிறது. ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்த வருடத்துச் சிப்புகளுக்குள் உள்ள வரிசை மட்டும்தான். எந்த வருடத்துச் சிப் என்பதைச் சொல்வது அடுத்து வரும் எண். ஐ7-6600யு-வில் இருப்பது இரண்டு கோர், அதாவது வேலை செய்யும் மூளை இரண்டு. இரண்டு வருடம் கழித்து வந்த 8-ஆவது ஜெனரேஷன் ஐ5-8250யு-வில் நான்கு கோர். அதாவது 'ஐ5 உங்களுக்குத் தாங்காது' என்று சொல்லி அதைவிடப் பலவீனமான சரக்கை விற்றிருக்கிறார்கள். 10-ஆவது ஜெனரேஷனிலிருந்து எண் இரண்டு இலக்கமாகும். அப்போது கோடுக்குப் பின் 10, 11, 12 என்று தொடங்கும்.

8 என்ற எண்ணை ஏன் ஸ்டிக்கரில் ஒட்டினார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் தகுதி, இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆவது ஜெனரேஷனிலிருந்துதான் தொடங்குகிறது. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 6, 7-ஆவது ஜெனரேஷன் மெஷின்களைப் பெரிய கம்பெனிகள் கழித்துக்கட்டினால் அவை இந்தக் கடைகளுக்குத்தான் வந்து சேர்கின்றன. உண்மையைச் சொன்னால் குறைந்த விலைக்குத்தான் போகும். ஆகவே ஸ்டிக்கர் மாறுகிறது, தகுதிச் சோதனையைத் தாண்டும்படி விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடுகிறார்கள். அப்படி ஏற்றினால் ஓடும். ஆனால் தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் எந்த உறுதியும் தருவதில்லை.

அடுத்து பெரியவர் காட்டியதுதான் என் வயிற்றைக் கலக்கியது. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள், வைரஸ் சோதனையிலிருந்து விலக்கி வைத்தவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதைத் திறந்தார். சி டிரைவ் முழுவதும் அதில் இருந்தது. உரிமம் இல்லாமலே விண்டோஸை ஓட வைக்கும் திருட்டு ஆக்டிவேட்டர் புரோகிராமை வைரஸ் காவல் பிடித்துவிடக் கூடாது என்று அப்படி விலக்கி வைத்திருக்கிறார்கள். அந்த சி டிரைவில்தான் என் பார்ட்டிகளின் அடையாள நகல், கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட், ஒருவருடைய பவர் பத்திரம் எல்லாம் இருந்தன. எதுவும் வெளியே போனதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை என்றார் அவர். அன்றே வேறு கம்ப்யூட்டரிலிருந்து இமெயில், வங்கி பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றினேன். வாட்ஸ்அப்பில் இணைத்திருந்த அந்த லேப்டாப்பை வெளியேற்றினேன். நகல் கொடுத்திருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் கோபப்பட்டார். நியாயமான கோபம்.

கடைக்குப் போனால் குரலே மாறியிருந்தது. "செகண்ட்ஸ்ல இதெல்லாம் சகஜம் சார்" என்றார் முதலாளி. பேட்டரிக்கு வாரண்டி கிடையாதாம், சாஃப்ட்வேருக்கு வாரண்டி கிடையாதாம். ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டால், "எங்களுக்கு வந்ததே அப்படித்தான்." கடைசியில் சுவரில் ஒட்டியிருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற போர்டைக் காட்டினார்.

அந்த போர்டுக்கு அவர் நினைக்கிற மதிப்பு இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் கொடுக்காமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று வரையறுத்திருக்கிறார்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில்லில் காலம் குறிப்பிடாத நிலையில் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தராததும் அதே வரையறைக்குள்தான் வருகின்றன. இதில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சட்டம் சொல்கிறது. கடைக்காரர் தரப்பு இதைத்தான் முதலில் பிடிக்கும். ஆனால் சுயதொழிலில் தன் பிழைப்புக்காகவே வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அதே சட்டம் விளக்கமும் கொடுத்திருக்கிறது. தனி ஆளாகத் தொழில் செய்யும் புரோக்கர் புகாரில் இதைத் தெளிவாக எழுத வேண்டும்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். துண்டுச் சீட்டு, யுபிஐயில் பணம் போன ஸ்கிரீன்ஷாட், பையன் அனுப்பிய வாட்ஸ்அப் விவரம், டாஸ்க் மேனேஜர் படம் நான்கையும் வைத்திருக்கிறேன். பில் இல்லாத குறையை இப்போது தாங்கிப் பிடிப்பது அந்த வாட்ஸ்அப் வரிதான், ஏனென்றால் '8-ஆவது ஜெனரேஷன்' என்று எழுத்தில் இருக்கிறது. கடைக்காரர் 10,000 தருகிறேன், புகாரை எடுத்துவிடு என்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. முழுப் பணமும் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

பழையதே வாங்குவதில் தப்பில்லை. பட்ஜெட் அப்படி என்றால் வேறென்ன செய்வது? ஆனால் கடையில் நிற்கும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிப் எண்ணைப் பாருங்கள். செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பக்கத்துக்குப் போங்கள். 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்' என்கிற மாதிரி எழுதியிருந்தால், எந்த நிறுவனம் என்று கேளுங்கள். கடையில் விற்கும் மெஷினில் அந்த வாசகத்துக்கு வேலையே இல்லை. பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது ஏறும் கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதையும் முழுசாக நம்பாமல், சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் யூடியூப் வீடியோ ஓடட்டும். பொறுக்காத கடைக்காரர் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். மெஷினின் அடியில் இருக்கும் சீரியல் நம்பர் அல்லது சர்வீஸ் டேகை அந்தக் கம்பெனி இணையதளத்தில் போட்டால், அது எந்த மாடல், வாரண்டி எப்போது முடிந்தது என்பது தெரிந்துவிடும். அதே நம்பரை எழுதி ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். 18 சதவீதம் கூடக் கேட்டால் அந்த விலைக்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். பல நேரம் புதிய லேப்டாப் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

நம் வேலைக்கு எது தேவை என்பதிலும் கடைக்காரர்கள் நம்மைத் திசை திருப்புகிறார்கள். கிராபிக்ஸ் கார்டு போட்ட கனமான கேமிங் மெஷின் நமக்கு வேண்டாம். அதைத் தூக்கிக்கொண்டு மண் ரோட்டில் அலைய முடியாது. சமீபத்திய ஐ5 அல்லது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 சிப், 16 ஜிபி ராம், 14 இன்ச், ஒன்றரைக் கிலோவுக்குள் என்றால் போதும். காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் திரைதான். விலை குறைந்த மாடல்களில் 220, 250 நிட்ஸ் வெளிச்சம்தான் இருக்கும். வெயிலில் சுத்தமாகத் தெரியாது. 300-க்கு மேல், முடிந்தால் 400, பளபளப்பில்லாத மேட் திரை, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெரிகிற ஐபிஎஸ் பேனல் என்று கேட்டு வாங்குங்கள். அப்போதும் உச்சி வெயிலில் கார் நிழல் வேண்டியிருக்கும், ஆனால் பார்ட்டி பிளானைப் படிக்க முடியும். டைப்-சி-யில் சார்ஜ் ஏறுகிற மாடல் என்றால், அதற்கேற்ற வாட்ஸ் உள்ள கார் சார்ஜரிலிருந்தே ஏற்றிக்கொள்ளலாம். ஒரு நாளில் மூன்று சைட் போகிறவருக்கு இது பெரிய உபகாரம்.

ஏற்கெனவே இப்படி ஒரு கடையில் வாங்கி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே சிப் எண்ணையும் அந்த வைரஸ் சோதனை விலக்குப் பட்டியலையும் திறந்து பாருங்கள். பட்டியலில் முழு டிரைவும் இருந்தால் அந்த மெஷினில் வங்கி வேலை எதுவும் செய்யாதீர்கள். பார்ட்டி நகல்களை வேறு இடத்துக்கு எடுத்துவிட்டு, மெஷினைச் சுத்தமாக அழித்து, உரிமத்தோடு விண்டோஸ் போட வையுங்கள். கடைக்காரரின் வாட்ஸ்அப் மெசேஜை மட்டும் அழித்துவிடாதீர்கள். மெஷினை அழிப்பதற்கு முன்பே, தேதி தெரிகிற மாதிரி எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.