பல் வைத்த இரண்டு கடல் பறவைகள்: ஹெஸ்பெரோர்னிஸ், இக்தியோர்னிஸ்

டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில் வட அமெரிக்காவை ஒரு ஆழமற்ற கடல் இரண்டாகப் பிரித்திருந்தது. இன்றைய கான்சாஸ் மாநிலத்தின் சுண்ணப் பாறைகள் அந்தக் கடலடியில் படிந்தவைதான். இரண்டு பறவைகளும் முதலில் அங்கேதான் கிடைத்தன. 1872-இல் இரண்டுக்கும் பெயர் சூட்டியவர் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஓத்னியேல் மார்ஷ்.

ஹெஸ்பெரோர்னிஸ் பறக்கவே இல்லை. கிட்டத்தட்ட 1.8 மீட்டர் நீளம். இறக்கையில் மிஞ்சியது ஒரு மெல்லிய மேற்கை எலும்பு மட்டும். நீந்தும் வேலை முழுவதும் கால்களுக்கு. உடம்பின் பின்கோடியில் இருந்த அந்தப் பெரிய கால்கள் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளின. கனத்த எலும்புகள் மூழ்குவதற்கு வசதி. ஆனால் கரையில் நிமிர்ந்து நடப்பதே சிரமமாக இருந்திருக்கும். கடலிலும் நிம்மதி இல்லை. இதன் இனத்துப் பறவை ஒன்றின் எலும்புகள் மோசசார் என்ற பெரிய கடல் ஊர்வனவின் வயிற்றுக்குள்ளேயே கிடைத்திருக்கின்றன.

இக்தியோர்னிஸ் ஆலா என்ற இன்றைய கடற்பறவையின் அளவுதான். மார்பெலும்பில் ஆழமான முகடு, அதில் வலுவான பறக்கும் தசைகள்: கழுத்துக்குக் கீழே பார்த்தால் இன்றைய பறவை என்றே சொல்லிவிடலாம்.

எனக்கு இதன் தலைதான் பேரதிசயம். தாடையை முதலில் பார்த்த மார்ஷ், ஏதோ ஊர்வனவுடையது என்றே நினைத்தார். 2018-இல் வெளியான ஸ்கேன் ஆய்வு மண்டையோட்டை முழுமையாகக் காட்டியது: நுனியில் சிறிய அலகு, அதற்குப் பின்னால் பற்கள். அலகு உருவாகிக்கொண்டிருந்த கட்டமே கண்முன் நிற்கிறது.

நீருக்கு ஏற்ற உடல் என்றால் ஹெஸ்பெரோர்னிஸ்தான். பறவைகளின் பரிணாமத்தைப் புரிந்துகொள்ள ஒன்றை மட்டும் எடு என்றால், தயங்காமல் இக்தியோர்னிஸை எடுப்பேன்.